வாசகர் கேள்வி பதில்: கடல் பார்த்த வீட்டுக்குக் கண்ணாடிச் சுவரா, தாழ்வாரமா?

கேள்வி: சிக்லாப்பில் உள்ள எங்கள் பழைய தரைவீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவிருக்கிறோம். மாடியில் நின்றால் தெற்கே ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா மரங்களுக்கு மேலாகக் கடல் தெரியும். அந்தப் பக்கம் முழுவதையும் கண்ணாடியாக்க ஆசைப்படுகிறோம். கட்டடக் கலைஞரோ அகலமான தாழ்வாரம் வைக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கட்டடக் கலைஞர் சொல்வதைக் கேளுங்கள். தெற்குப் பார்த்த மனை உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் டிசம்பர் நண்பகலிலும் சூரியன் தென்வானில் சுமார் 65 பாகை உயரத்தில் நிற்பதால், 2.4 மீட்டர் உயரக் கண்ணாடிக்கு 1.2 மீட்டர் கூரை நீட்டம் இருந்தாலே உச்சி வெயில் அதன்மேல் படாது. மேற்குப் பார்த்த கண்ணாடியாக இருந்தால், தாழ்ந்து வரும் மாலை வெயிலை இந்த நீட்டத்தால் தடுக்க முடியாது. நிழலில்லாத கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்காருபவர்கள் திரையை இழுத்துவிட்டுக் குளிரூட்டியைப் போட்டுக்கொள்வார்கள். பிறகு கடல் எங்கே தெரியப்போகிறது?

காற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டின் சுகம் அதில்தான் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை உங்கள் பக்கம் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடற்காற்று வரும். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை காற்று திசைமாறி, வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும், அதாவது வீட்டின் முதுகுப்புறமாக வீசும். கடற்பக்கத்தை மட்டும் திறந்துவைத்து, வடசுவர் நெடுகக் குளியலறையையும் சாமான் அறையையும் அடுக்கிவிட்டால், இரண்டு பருவத்திலும் காற்று வீட்டுக்குள் ஓடாது. ஆகவே வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது, வடக்குச் சன்னலிலிருந்து தாழ்வாரம் வரை தடையில்லாத வழி இருக்கிறதா என்பதைத்தான். படிக்கட்டைச் சிறு முற்றத்தோடு சேர்த்துக் கட்டினால் அந்த வழி எளிதாகக் கிடைக்கும்.

விடியற்காலையில் மேற்கேயிருந்து பாய்ந்து வரும் சுமத்ரா சூறைக்காற்றில் மழை படுக்கை வாட்டத்தில் அடிக்கும் என்பதால், தாழ்வாரத்தின் மேற்கு முனைக்கு மட்டும் திறந்து மூடும் சாய்பலகைகள் தேவைப்படும்.

குஸ் ஆர்க்கிடெக்ட்ஸ் நிறுவனம் 2009இல் இங்கே கட்டி முடித்த ‘ஃபிஷ் ஹவுஸ்’ வீட்டின் படங்களைப் பாருங்கள். நீச்சல் குளத்தின் நீருக்குள் பார்க்கும் நிலவறைச் சன்னலைத்தான் எல்லாரும் வியக்கிறார்கள். எனக்கென்னவோ, சூரியத் தகடுகள் பதித்த அதன் வளைந்த கூரையும், அதன் கீழே காற்றுக்குத் திறந்துகிடக்கும் கூடமும்தான் பின்பற்றத் தக்கவை என்று தோன்றுகிறது.

கேள்வி: மரின் பரேட்டில் பதினோராம் மாடியில் இருக்கிறோம். பால்கனியின் எவர்சில்வர் கைப்பிடியில் பழுப்புக் கறை படிகிறது. மழை படாத உள்பக்கத்தில்தான் கறை அதிகம். ஏன்?

பதில்: மழை படாததுதான் காரணம். கடற்காற்று கொண்டுவரும் உப்பை வெளிப்பக்கத்தில் மழை கழுவிவிடுகிறது. உள்பக்கத்தில் அது அப்படியே தங்கி உலோகத்தை அரிக்கிறது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். இரும்பு நார் வேண்டாம், அதன் துகள் ஒட்டிக்கொண்டு புதிய துருவுக்கு வழிசெய்யும். மாற்ற நேர்ந்தால் 304 ரகத்துக்குப் பதிலாக, 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அதையும் கழுவ வேண்டும்.