வெட்டு உத்தரவு முதல் சுண்டல் வண்டி வரை: கேள்வி பதில்

கடலூர், புதுவை பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றில் நான்கை எடுத்துக்கொள்கிறேன். வியாபாரத்தில் அரசின் பிடி தளர வேண்டும் என்று நான் சொல்லிவருவதால், கேள்விகளும் காரமாகவே வந்திருக்கின்றன.

குறிஞ்சிப்பாடி விவசாயி: ஐயா, கரும்புக்கு அரசு விலை வைத்திருக்கும்போதே இந்தப் பாடு. அதுவும் போனால் ஆலைக்காரர்கள் எங்களை விட்டுவைப்பார்களா?

உங்கள் பயம் நியாயம். ஆனால் ஆலைக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்தது? 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உங்கள் ஊர்க் கரும்பு ஓர் ஆலைக்கு ஒதுக்கப்படுகிறது. பக்கத்து ஆலை கூடுதலாகத் தந்தாலும் உங்கள் லோடு அங்கே போக முடியாது. ஓர் ஆலைக்கு 15 கிலோமீட்டருக்குள் புது ஆலை வருவதையும் அதே ஆணை தடுக்கிறது.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு விலை, 10.25 சதவீதம் சர்க்கரை கட்டுமானம் (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு) உள்ள கரும்புக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. கரும்பை வெட்டலாம் என்று ஆலை தரும் வெட்டு உத்தரவுக்கு என் தாய்மாமன் காத்திருந்த வருஷம், கரும்பு பூவெடுத்து நடுவே சக்கையாகிவிட்டது. பணம் வர எட்டு மாதம். வட்டியை அவர் கேட்கவே இல்லை; அடுத்த வருஷமும் அதே வாசலில்தானே நிற்க வேண்டும்!

இந்த ஒதுக்கீட்டையும் தூரக் கட்டுப்பாட்டையும் நீக்கலாம் என்று 2012-லேயே சர்க்கரைத் துறையை ஆராய்ந்த ரங்கராஜன் குழு சொன்னது. மகாராஷ்டிரத்தில் ஒதுக்கீடு இல்லை. முதலில் வேலியைப் பிரிக்கட்டும். விவசாயிக்கு இரண்டாவது வாசல் திறக்கும்வரை ஆதார விலை இருந்துவிட்டுப் போகட்டும், அதை நான் எதிர்க்கவில்லை.

கடலூர் முதுநகர் வாசகி: தானே புயலின்போது மெழுகுவர்த்தி, தண்ணீர் கேன் எல்லாம் இரண்டு மடங்கு விலை. அதையும் சரி என்பீர்களா அண்ணா?

2011 டிசம்பர் 30 காலையை நானும் மறக்கவில்லை அம்மா. கரண்ட் இல்லை, மேல்தொட்டி காலி. நான்காம் நாள் வெளியூர்க்காரர் ஒருவர் மினி லாரியில் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். ஒரு தொட்டி நிரப்ப 200 ரூபாய். அநியாயம் என்று முணுமுணுத்தபடி எல்லோரும் ஒயரை நீட்டினோம். மறுநாள் இன்னும் இரண்டு வண்டிகள் வந்தன, விலை 120 ஆனது. 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அன்றைக்கு உத்தரவு போட்டிருந்தால், டீசலைச் செலவழித்து யார் வந்திருப்பார்கள்?

அந்த 200-கூட இல்லாத வீடுகளும் எங்கள் தெருவில் இருந்தன. அவர்கள் கையில் அரசு உடனே ரொக்கம் கொடுத்திருக்க வேண்டும். விலையைப் பூட்டினால் சரக்கு பதுங்கும். ராஜாஜி 1952-இல் சென்னை மாநில முதல்வராக அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தபோது பஞ்சம் வரும் என்று பயந்தார்கள்; வரவில்லை.

வில்லியனூர் வாசகர்: கடலூர் வண்டிகள் ஏன் புதுவை எல்லையிலுள்ள முள்ளோடை பெட்ரோல் பங்க்கில் வரிசை கட்டுகின்றன?

மாநில அரசுகள் போடும் வாட் என்ற விற்பனை வரிதான் காரணம். பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வராததால் ஒவ்வொரு அரசும் தன் வரியைப் போடுகிறது. புதுவையில் குறைவு. இப்படிப் போட்டி இருப்பது மக்களுக்கு நல்லது.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் விற்பவர்: வண்டியை எடுக்கச் சொல்கிறார்கள். சட்டம் எங்கள் பக்கம் உண்டா சார்?

உண்டு. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் உங்களைப் போன்ற வியாபாரிகளாக இருக்க வேண்டும். உழைத்துப் பிழைக்கச் சான்று எதற்கு என்பது என் வாதம். ஆனாலும் இன்றைக்கு உங்களைக் காப்பது அந்தத் தாள்தான், வாங்கிவிடுங்கள். கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கு எழுதிக் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவின் நகலை வண்டியிலேயே வைத்திருங்கள்.