ஜீனை எடுத்த பிறகும் எலி உயிரோடு இருந்தால் அந்த ஜீன் தேவையில்லை என்றுதானே அர்த்தம்?

செல் சவ்வில் நுண்ணிய குழிகளை உருவாக்குகிற கேவியோலின்-1 என்ற புரதத்தின் ஜீனை நீக்கிய எலி பிறக்கிறது, வளர்கிறது, குட்டியும் போடுகிறது, பிறகு அந்த ஜீனால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். எலி உயிரோடு இருக்கிறது, சரி. ஆனால் நன்றாக இல்லை.

நான் டர்பனில் ஒரு லேபில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குத் திசு சீவித் தருகிறேன். பிசினில் பதித்த திசுவை வைரக் கத்தியில் சீவும்போது சீவல்கள் தண்ணீரில் வரிசையாக மிதக்கும், வெள்ளி போல மின்னினால் கனம் சரி, சுமார் 70 நானோமீட்டர். ரத்தக் குழாயின் உள்சுவர் செல்லை அப்படிப் பார்த்தால் சவ்வு நெடுகக் குழிகள், ஒவ்வொன்றும் 50 முதல் 100 நானோமீட்டர்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வீட்டுப் பணியாரச் சட்டியையே தூக்கிக்கொண்டு போனேன் (நிஜக் குழிக்கு வாய் இன்னும் குறுகல்). அப்புறம் தோசைக்கல்லைக் காட்டினேன். கேவியோலின்-1 இல்லாத எலியில் அந்தச் சவ்வு இப்படித்தான், வழவழவென்று.

செல் உயிரியலாளர் ஜார்ஜ் பலாடி இந்தக் குழிகளை 1953-லேயே பார்த்துவிட்டார். இந்தக் குழிகள் பெரும்பாலும் இல்லாத ஒரு உடம்பு எப்படி இருக்கும் என்று பார்க்க 2001-இல் நாக்அவுட் எலி, அதாவது இந்த ஜீன் நீக்கிய எலி, வர வேண்டியிருந்தது. அந்த எலிக்கு நுரையீரலில் காற்றறைச் சுவர் தடித்திருக்கிறது, கொஞ்சம் உழைத்தாலே களைத்துவிடுகிறது, ஆயுளும் குறைவு. ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிற நொதியைக் கேவியோலின்-1 தான் பிடித்து வைத்திருந்தது, பிடி விட்டதும் குழாய் தேவைக்கு மேல் தளர்ந்துபோகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. கேவியோலின்-1 போனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த கேவியோலின்-2 புரதமும் நிலைக்காமல் சிதைந்துவிடும், அதாவது ஒன்றை எடுத்தால் இரண்டு போகிறது. அதனால் 2002-இல் கேவியோலின்-2 ஜீனை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். குழிகள் அப்படியே இருந்தன, நுரையீரலோ அதே மாதிரி தடித்திருந்தது! நுரையீரல் கோளாறைக் குழி இல்லாத குறை என்று எழுதி முடித்திருந்தால் எவ்வளவு பெரிய தவறாகியிருக்கும்.

சரி, தசைக்கு வருவோம். கேவியோலின்-1 இல்லாத எலியின் எலும்புத் தசைகளில் குழிகள் இருக்கின்றன, ஏனென்றால் அங்கே வேலை கேவியோலின்-3 உடையது. மனிதர்களில் அந்த ஜீன் கெட்டால் இடுப்பு, தோள் தசைகள் பலவீனமாகும் ஒரு நோய் வரும். 1, 3 இரண்டையும் சேர்த்து எடுத்த எலிகூடப் பிறந்து வளர்ந்தது. இரண்டு மாதம் ஆவதற்குள் அதன் இதயத் தசை மோசமாகத் தடித்துவிட்டது.