வாசகர் கேள்வி – பதில்: விட்டுவிட்டு எரியும் ஹெட்லைட்

கேள்வி: எங்களிடம் இருப்பது 2014ஆம் ஆண்டு வாங்கிய கார்; ஹாலஜன் விளக்குகள். வேலூரில் வேலையை முடித்துக்கொண்டு தினமும் இரவில்தான் ஊர் திரும்புகிறேன். பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, குடியாத்தம் சாலையில் மேடுபள்ளம் வரும் இடங்களில் ஹெட்லைட் விட்டுவிட்டு எரிகிறது. பல்புகளை மாற்றியும் பயனில்லை. முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். வீட்டிலேயே பார்த்துச் சரிசெய்ய வழி உண்டா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: உண்டு. வயரிங்கை மாற்றச் சம்மதிக்க வேண்டாம். இப்போதைக்கு இன்னொரு பல்பும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். என்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்காமல், வண்டி குலுங்கும்போது மட்டும் விளக்கு துடிக்கிறது என்றால், எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்தோ உப்புப் பூத்தோ இருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இரண்டு விளக்குகளும் சேர்ந்து துடிக்கின்றனவா, ஒன்று மட்டுமா என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இருட்டியபின் காரைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு, வீட்டில் ஒருவரை முன்பக்கத்தை அழுத்தி அழுத்தி விடச் சொல்லுங்கள். ஒரு விளக்கு மட்டும் துடித்தால், கோளாறு அந்தப் பக்கத்தில் பல்பு மாட்டும் ஹோல்டரிலோ, மின்சாரம் வண்டியின் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் எர்த் இணைப்பிலோ இருக்கும். இரண்டும் சேர்ந்து துடித்தால், பேட்டரி டெர்மினல், பொதுவான எர்த், விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே, ஸ்டியரிங்கின் கீழுள்ள சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உள்விளக்கும் மீட்டர் விளக்குகளும்கூடச் சேர்ந்து மங்கினால், பேட்டரியிலிருந்தே தொடங்குங்கள்.

என்ஜினை அணைத்துச் சிறிது நேரம் கழித்து மல்டிமீட்டரால் பார்த்தால், நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இந்த எண் நிலையில்லாமல் ஏறி இறங்கினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரையோ பெல்ட்டையோ சந்தேகிக்கலாம். அது கடையில் செய்ய வேண்டிய வேலை. நம் பக்கத்து அக்னி நட்சத்திர வெயிலில் பேட்டரியின் ஆயுள் விரைவாகவே குறையும் என்பதால், இந்தச் சோதனையை ஆண்டுதோறும் செய்வது நல்லது. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் மாட்டி இறுக்குங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றவே கூடாது, ஆல்டர்னேட்டர் பழுதாகிவிடும்.

இனி முக்கியமான சோதனைக்கு வருவோம். பலர் விளக்கை அணைத்துவிட்டு, மீட்டரில் 'பீப்' சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்து, வயர் நன்றாக இருப்பதாக முடிவு செய்கிறார்கள். பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் அந்தச் சத்தம் வரும். 55 வாட் பல்பு ஏறக்குறைய 4.5 ஆம்பியர் இழுக்கும்போதுதான் அந்த இணைப்பின் பலவீனம் வெளிப்படும். ஆகவே பல்பு மாட்டிய நிலையிலேயே விளக்கைப் போட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை ஹோல்டரின் பின்புறம் எர்த் வயர் நுழையும் இடத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினாலும், வயரை அசைக்கும்போது எண் தாவினாலும், குறை அங்கேதான். சில கார்களில், ஹை பீம், லோ பீம் இரண்டுக்கும் பொதுவான இந்த முனை எர்த்தாக இல்லாமல் பாசிட்டிவாக இருக்கும்; அப்படியானால் மீட்டர் ஏறக்குறைய 12 வோல்ட் காட்டும், அதைக் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். இந்தச் சிறிய இழப்பைப் பொருட்படுத்த வேண்டுமா என்று தோன்றலாம். ஹாலஜன் பல்புக்குக் கிடைக்கும் வோல்டேஜில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எதிரே லாரி வரும் இரவில் அது சிறிய இழப்பல்ல.

எர்த் வயர் பெரும்பாலும் விளக்கின் அருகே பாடியில் ஒரு போல்ட்டில் முடியும். அதைக் கழற்றி, வளையத்தையும் அது அமரும் இடத்தையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, திரும்ப இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவுங்கள். அடுத்து ஹோல்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ, உள்ளே பித்தளைப் பட்டை கருத்தோ விரிந்தோ இருந்தால், அதைச் சுரண்டிப் பயனில்லை, ஹோல்டரையே மாற்றுங்கள். முன்பு யாராவது 90/100 வாட் பல்பு போட்டிருந்தால் இந்தச் சேதம் எதிர்பார்க்கக் கூடியதே. 60/55 வாட்டுக்கு மேல் போக வேண்டாம். பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: ஹாலஜனை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்பு போட்டேன். அன்றிலிருந்து நின்ற வண்டியிலும் விளக்கு படபடக்கிறது. பல்பே குறையுள்ளதா?
– வாசகர், ஆற்காடு

பதில்: பல்பு நன்றாகவே இருக்கலாம். சில கார்கள் ஹெட்லைட்டுக்கு மின்சாரத்தைத் தொடர்ச்சியாக விடாமல், வேகமாக விட்டுவிட்டு அனுப்புகின்றன. ஹாலஜனின் இழை அதற்குள் ஆறிவிடாது என்பதால் கண்ணுக்குத் தெரியாது, எல்.இ.டி. ஒவ்வொரு துடிப்புக்கும் அணைந்து எரியும். எல்.இ.டி. இழுக்கும் மின்சாரம் குறைவாக இருப்பதால், பல்பு போய்விட்டதாகக் கருதி வண்டியின் கணினி சோதித்துக்கொண்டே இருப்பதும் உண்டு. இதற்கென டிகோடர் என்ற சிறு இணைப்புக் கருவி விற்கிறார்கள், ஆனால் என் பரிந்துரை அதுவல்ல. ஹாலஜனுக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பின் ஒளி சரியாகக் குவியாமல் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பழைய ஹாலஜனைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். படபடப்பு நின்றுவிட்டால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், நிற்காவிட்டால் குடியாத்தம் வாசகருக்குச் சொன்ன எர்த் சோதனையைச் செய்யுங்கள்.