மஹர் கேட்டால் வாய்க்காரியா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் ஊர் வெலிமடைப் பக்கம். வாப்பா மௌத்தாகிவிட்டார், வாப்பாவின் வாப்பாவும் இல்லை. உம்மாவின் நானாதான், எங்கள் பெரிய மாமா, எங்களை வளர்த்தார். ஹஜ் பெருநாள் கழிந்து எனக்கு நிகாஹ். மாமாதான் வலியாக, அதாவது பெண்ணை நிகாஹ் செய்து கொடுக்கும் பொறுப்பாளராக, நிற்க வேண்டும் என்பது எனக்கும் உம்மாவுக்கும் ஆசை. பேராதனையில் படிக்கும் தம்பிக்கு 21 வயது. அவனும் சரி என்கிறான். மாப்பிள்ளை எனக்குத் தர வேண்டிய மணக்கொடையான மஹரை 5,000 ரூபாய் என்று எழுதுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் அவர் வீட்டார். மாமாவிடமோ பத்து இலட்சம் கேட்டிருக்கிறார்கள். மஹரைப் பற்றி நான் வாய் திறந்தால் வாய்க்காரி என்று பெயர் வந்துவிடும் என்று உம்மா பயப்படுகிறார். நான் என்ன செய்ய?

பதில்: வஅலைக்கும் ஸலாம், மகள். முதலில் மாமாவின் விஷயத்தை முடித்துவிடுவோம், அது லேசானது. நம் இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாஃபி மத்ஹப் என்ற மார்க்கச் சட்ட வழியைப் பின்பற்றுகிறவர்கள். அதில் வலி என்பது வாப்பா வழியில் வரும் உரிமை. வாப்பா, அவருடைய வாப்பா, அப்புறம் கூடப்பிறந்த சகோதரன். வளர்த்த மாமாவுக்கு எவ்வளவு நன்றிக்கடன் இருந்தாலும் அவர் வலியாக முடியாது. உங்கள் வலி தம்பிதான். ஆனால் தம்பி, "ராத்தாவை என் சார்பில் நீங்களே நிகாஹ் செய்து கொடுங்கள் மாமா" என்று அவரை வக்கீலாக்கலாம், அதாவது தன் பிரதிநிதியாக்கலாம். அப்படிச் செய்தால் பள்ளிவாசலில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்லப்போவது மாமாதான். உங்கள் ஆசை நிறைவேறும், நிகாஹும் பிழைக்காது. காவின் என்ற விவாகப் பதிவை எழுதும்போது மட்டும் வலி என்ற இடத்தில் தம்பியின் பெயர்தான் வர வேண்டும். இதை மௌலவியிடமும் விவாகப் பதிவாளரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். அன்று காலையில் சொன்னால் தடுமாற்றம்.

இனி மஹர். "இன்ன மஹருக்கு மணமுடித்துத் தந்தேன்", "ஏற்றுக்கொண்டேன்" என்ற இரண்டு பேச்சும், அதைக் காதால் கேட்கும் இரண்டு சாட்சிகளும்தான் நிகாஹ். குத்பா என்ற உரை சுன்னத்து, கட்டாயமில்லை. மண்டபம், மேடை, படப்பிடிப்பெல்லாம் நாமாகச் சேர்த்துக்கொண்டவை. ஆனால் மஹர் அப்படியல்ல. பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மனமுவந்து கொடுங்கள் என்று குர்ஆன் (4:4) மாப்பிள்ளைக்குக் கட்டளையிடுகிறது. அது உங்களுடைய சொத்து. உம்மாவுக்கும் இல்லை, மாமாவுக்கும் இல்லை.

குறைந்த மஹர் தவறா? இல்லை. இரும்பு மோதிரம் கூட இல்லாத ஏழைத் தோழருக்கு, அவர் மனனமிட்டிருந்த குர்ஆனையே மஹராக வைத்து நபி (ஸல்) அவர்கள் மணமுடித்துவைத்தார்கள். அதே நபியவர்கள் தம் மனைவியருக்குக் கொடுத்த மஹர் 500 திர்ஹம் என்று அவர்களுடைய மனைவி ஆயிஷா (ரலி) சொன்ன ஹதீஸ், முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இன்றைய நிறுவையில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வெள்ளி. ஆக, இல்லாதவர் இல்லாததற்கேற்பக் கொடுக்கலாம். பத்து இலட்சம் கேட்கத் தெரிந்தவர்கள் மஹர் என்று வந்ததும் ஏழையாகிவிடுவதுதான் எனக்குப் புரியவில்லை. 5,000 ரூபாய்க்கு இன்று ஒரு கிராம் தங்கம் கூட வராது.

அதனால் ரூபாயில் பேசாதீர்கள், பவுணில் பேசுங்கள். 2022இல் நம் ரூபாயின் மதிப்பு எப்படி விழுந்தது என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை பவுண் என்பதை மாப்பிள்ளையின் தகுதியைப் பார்த்துத் தீர்மானியுங்கள், அவர் கடன்படும் அளவுக்கு வேண்டாம். பிறகு தருவதாகச் சொன்னாலும் ஆகும். அப்போது அது அவர் மேல் உள்ள கடன். அவர் மௌத்தானால் சொத்தைப் பங்கு வைக்கும் முன் அடைக்க வேண்டிய கடன்.

ஒரு இடத்தில் மட்டும் கண் வையுங்கள். கையில் ஒன்றும் வராமலே மஹர் "கொடுக்கப்பட்டது" என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. பந்தலில் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்ற அவசரத்தில் யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை. நாளைக்கு முஸ்லிம் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் அந்த ஒரு சொல்லே உங்களுக்கு எதிராக நிற்கும். தந்தால் தந்தது என்றும், தராவிட்டால் பாக்கி என்றும் எழுதச் சொல்லுங்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டபோது மணமகள் கையெழுத்திட வேண்டும் என்று கேட்கவில்லை. அதைத் திருத்தச் சொல்லிப் பெண்கள் நெடுங்காலமாகக் குரல் கொடுக்கிறார்கள். எனவே உங்களுக்காகக் கண்ணை விழித்து வாசிக்க வேண்டியவன் தம்பிதான். பேராதனைக்கு ஃபோன் போட்டு இதை அவனுக்கு நன்றாக விளங்கப்படுத்துங்கள். பதிவின் பிரதியையும் கேட்டு வாங்கிவையுங்கள்.

அவர்கள் கேட்கும் பத்து இலட்சம் கைக்கூலிதான், அதாவது மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் கொடுக்கும் பணம், வேறு பெயர் வேண்டாம். மார்க்கத்தில் அதற்கு இடமில்லை, கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. மாமா கொடுத்தே தீருவார் என்றால் கையில் காசாகக் கொடுக்க வேண்டாம். வங்கி மூலம் கொடுத்து, கைக்கூலி என்றே எழுத்தில் வையுங்கள். நம் சட்டத்தின் பார்வையில் அது மனைவிக்காகக் கணவனிடம் கொடுக்கப்பட்டது. மனைவி காதியிடம் திரும்பக் கேட்கலாம். பேச்சில் கைமாறிய பணத்துக்கு அந்த வழி கஷ்டம்.

வலீமா என்ற திருமண விருந்து மாப்பிள்ளை வீட்டுச் செலவு. அதையும் உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் மாமா சிரித்துக்கொண்டே மறுக்கட்டும்.

வாய்க்காரி என்ற பயத்துக்கு வருகிறேன். நீங்கள் நேரில் கேட்க வேண்டியதே இல்லை. "மஹர் இத்தனை பவுண், இன்ன நாளில்" என்று மாமாவும் தம்பியும் போய்ப் பேசட்டும், அதற்குத்தானே வலி. அதற்கும் முகம் சுளிப்பார்களானால், அந்தச் சுளிப்பை நிகாஹுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது, மகள்.