இசைப் பகுதி: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பாடகர் குழுவில் 18 பேர். தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகவே கொல்லப்பட்டவர்களை நினைத்து பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு மாலை பாட நினைக்கிறோம். மேத்யூ ஷெப்பர்டுக்காக எழுதப்பட்ட படைப்பை முழுதாகப் பாடலாமா? (வாசகி, பட்டர்வொர்த்)

முழுதாக வேண்டாம் அம்மா. மேத்யூ 21 வயது மாணவர். 1998 அக்டோபரில் அமெரிக்காவின் லாரமி ஊருக்கு வெளியே அவரை அடித்து, வேலியில் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். அக்டோபர் 12ஆம் தேதி இறந்தார். அவருக்காக கிரெய்க் ஹெல்லா ஜான்சன் இயற்றி 2016இல் அரங்கேறிய 'கன்சிடரிங் மேத்யூ ஷெப்பர்ட்' ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். கூடவே ஒரு சிறிய வாத்தியக் குழுவும் வேண்டும். சொப்ரானோ, ஆல்டோ (பெண்களின் மேல், கீழ்க் குரல்கள்), டெனர், பாஸ் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்கள்) என்று பிரித்தால் உங்களிடம் ஒரு பகுதிக்கு நான்கைந்து பேர்தான். அந்தப் பகுதியும் இரண்டாகப் பிரியும் இடத்தில் குழுவாகக் கேட்காது, தனித்தனிக் குரல்களாகத்தான் கேட்கும். அதில் அந்த வேலியைப் பற்றியே சில பாடல்கள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தலைக்கு ஒரு இசைத்தாள் வாங்குங்கள், நகலெடுக்காதீர்கள்.

மற்றவை எளிய பாடல்களாக இருக்கட்டும். 1978 நவம்பர் 27 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்துக்குள், தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காமலே தேர்தலில் வென்ற மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க்கும் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றிரவு அதே கட்டடத்தின் படிகளில் அந்நகரின் தன்பாலீர்ப்பு ஆண்கள் பாடகர் குழு ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சனின் துதிப்பாடல் ஒன்றைப் பாடியது. ஒத்திகை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத குழு அது. அஞ்சலிக்கு அந்த அளவு போதும். நம் மக்கள் நடுவே பாடும்போது திருவருட்பாவிலிருந்து ஒரு பாடலைச் சேர்த்தால், கேட்பவர்களும் வாய்விட்டுச் சேர்ந்துகொள்வார்கள்.

கேள்வி: அஞ்சலியில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது பின்னால் 'ம்' என்று இசைத்தோம். முடிவதற்குள் சுருதி அரைக்கட்டை இறங்கிவிட்டது. ஏன்? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

2016 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில், தன்பாலீர்ப்பாளர் கூடும் பல்ஸ் இரவு விடுதியில் சுட்டுக் கொல்லப்பட்ட 49 பேரின் பெயர்களை எடுத்துக்கொள்வோம். பெயருக்கு 5 விநாடி என்றாலே 4 நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். அவ்வளவு நேரம் வாயை மூடி ஒரே சுரத்தில் நின்றால், மூச்சு குறையக் குறைய சுரம் கீழே சரியும். பக்கத்தில் இருப்பவர் அந்தச் சரிவையே பிடித்துக்கொள்வார், கொஞ்ச நேரத்தில் குழு முழுதும் சேர்ந்து இறங்கிவிடும்.

அதனால் பாதிப் பேர் 'ச', மீதிப் பேர் 'ப' பிடியுங்கள். உதடு மூடியிருந்தாலும் பல்லைக் கடிக்காதீர்கள், உள்ளே இடம் இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும்போது நீங்கள் எடுக்காதீர்கள். சுரம் தேயும்வரை இழுத்துக்கொண்டிருக்காமல் முன்னதாகவே விட்டுவிட்டு, ஓசையில்லாமல் மூச்சை நிரப்பி, மெதுவாக மறுபடி நுழையுங்கள். பெயர் உச்சரிக்கப்படும் கணத்தில் யாரும் மூச்சு இழுக்கக் கூடாது, அது ஒலிவாங்கியில் நன்றாகவே விழும். நடுவில் இருவர் காதில் மட்டும் எட்டும்படி சுருதிப்பெட்டி ஓடட்டும். ஆர்மோனியத்தில் சுருதி எடுத்துவிட்டு அடுத்த பாட்டுக்குக் கீபோர்டு வைத்தால், இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று முதல் நாளே பாருங்கள். பல ஆர்மோனியங்கள் சற்று ஏறியோ இறங்கியோதான் நிற்கும்.

கேள்வி: பாடும்போது அழுகை வந்து தொண்டை அடைத்துக்கொள்கிறது. (வாசகி, கிள்ளான்)

அழுகை முட்டும்போது குரல்வளை மேலேறும், தொண்டைத் தசை இறுகும், மூச்சு துண்டு துண்டாகும். அந்த நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தால் இன்னும் இறுகும். முதலில் முழுதாக வெளியே விடுங்கள். கனமான வரியைச் சொல் இல்லாமல் 'நூ' என்று பாடி ராகம் உடம்பில் ஏறியபின் சொல்லைச் சேர்க்க வேண்டும். அதே வரி உச்சத்தில் அமைந்திருந்தால் பாட்டை ஒரு கட்டை இறக்கிவிடலாம். அடைத்தவர் நிறுத்திவிட வேண்டும், மற்றவர்கள் தொடர வேண்டும். இதை ஒத்திகையிலேயே பேசிவைத்துக்கொண்டால் யாரும் கூச்சப்பட மாட்டார்கள்.

கேள்வி: 2017 ஜூனில் பினாங்கில் தாக்கப்பட்டு இறந்த 18 வயது இளைஞரின் பெயரையும் சேர்க்கலாமா? (வாசகர், பிறை)

குடும்பத்தாரிடம் கேட்காமல் சேர்க்காதீர்கள். ஆண்மையில்லை என்று அவர் கேலி செய்யப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அதை வைத்து அவரைத் தன்பாலீர்ப்பாளர் என்று முடிவு கட்ட யாருக்கும் உரிமையில்லை. பிள்ளையை இழந்த தாயின் முன், இறந்தவர் தாமே சொல்லாத ஒன்றை மேடையில் அறிவிப்பது இன்னொரு காயம். குடும்பம் சம்மதித்தால் பெயர், வயது, ஊர் மட்டும் சொல்லுங்கள். உச்சரிப்பையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதம் இல்லையென்றால், பெயர் சொல்ல முடியாதவர்களுக்காக என்று ஒரு சுற்று 'ம்' இசையுங்கள்.

கேள்வி: மண்டபம் எப்படி இருக்க வேண்டும்? (வாசகர், பாயான் லெப்பாஸ்)

தகரக் கூரை வேண்டவே வேண்டாம். அக்டோபர், நவம்பர் மாலைகளில் மழை பிடித்தால் மெல்லிய பாட்டு ஒரு சொல்கூடக் கேட்காது. மின்விசிறி தலைக்கு நேர்மேலே சுழன்றால் தாளும் பறக்கும், சுரமும் நடுங்குவதுபோல் கேட்கும். பாடும் நேரத்துக்கு மட்டும் அதை அணைக்கச் சொல்லி, அணைக்கும் ஆளையும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.