விளையாட்டுக் கணக்கின் பெயரை மாற்றும் முன்பு

கேள்வி: பெரியபட்டினத்தில் வசிக்கிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் கைப்பேசியில் பிஜிஎம்ஐ விளையாடுகிறான். அவனுடைய விளையாட்டுப் பெயரில் வாப்பாவின் முதலெழுத்தும், அவன் சொந்தப் பெயரும், பிறந்த ஆண்டும், கடைசியில் டிஎன்65 என்பதும் இருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவர் விளையாட்டின் நடுவே அவன் படிக்கும் பள்ளியின் பெயரைச் சொல்லிப் பேசியிருக்கிறார். அந்த விளையாட்டுக்குள் பொருள் வாங்கப் பயன்படும் யூசி என்ற பணத்தை இலவசமாகத் தருவதாகவும் சொன்னாராம். பெயரை மாற்றச் சொன்னால், இதுவரை வாங்கிய உடைகளும் அடைந்த நிலைகளும் போய்விடும் என்று மகன் மறுக்கிறான். கணக்கு கூகுள் வழியாகத் திறக்கிறது. அந்தக் கூகுள் கணக்கில் இருப்பது சவூதியில் தம்மாம் நகரில் வேலை பார்க்கும் என் கணவரின் பழைய இந்திய எண். புதுப் பெயரைத் தமிழில் வைக்கலாமா? எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, உங்கள் மகனின் அச்சத்துக்கு இடமில்லை. பெயரை மாற்றுவதால் உடைகளோ நிலைகளோ நண்பர் பட்டியலோ போகாது. ஏனெனில் நிறுவனத்தின் பதிவேட்டில் அவையெல்லாம், கணக்கு தொடங்கிய அன்றே வழங்கப்பட்ட ஓர் எண்ணோடுதான் பிணைக்கப்பட்டிருக்கின்றன. மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ நிற்கும் விசைப்படகின் முகப்பில் இருக்கும் பெயரை உரிமையாளர் அழித்துவிட்டு மகளின் பெயரை எழுதிக்கொள்ளலாம். ஐஎன்டி-டிஎன்-10 என்று தொடங்கும் பதிவெண்ணை அப்படித் தம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாது, மீன்வளத்துறையினர் கணக்கில் கொள்வதும் அந்த எண்ணைத்தான். மகனின் விவரப் பக்கத்தில் பெயரின் அருகே தெரியும் நீண்ட எண் அத்தகையது. பெயரை மாற்றுவதற்கு அந்த விளையாட்டில் ரீநேம் கார்டு என்ற ஒன்று வேண்டும். விளையாட்டுக்குள் இருக்கும் கடையிலேயே அது கிடைக்கும், பணிகளை முடித்ததற்குப் பரிசாகவும் வருவதுண்டு. டெலிகிராம் குழுக்களில் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்பவர்கள் கேட்பது பெரும்பாலும் உள்நுழைவு விவரத்தையே என்பதால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆனால் பெயரை இன்றைக்கே மாற்றிவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். ஒரு கணக்கில் பிறர் காணும் பெயர் ஒன்று, நிறுவனம் வைத்திருக்கும் எண் ஒன்று, நாம் உள்ளே நுழையும் வழி ஒன்று என மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. பிள்ளைகளின் கவனம் முழுவதும் முதலாவதில் இருக்கிறது. கணக்கு யாருடையது என்பதை நடைமுறையில் தீர்மானிப்பதோ மூன்றாவது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்தது மகனின் பெயரைவிட உங்கள் கணவரின் பழைய எண்தான்.

முன்கட்டண எண் ஒன்று 90 நாள்கள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், போதிய இருப்புத் தொகையும் இல்லாமல் கிடந்தால் தொலைபேசி நிறுவனம் அதை முடக்கிவிடலாம். பின்னர் அதே எண் வேறொருவருக்கு வழங்கப்படலாம். வளைகுடாவுக்குப் போனவர்களின் இந்திய சிம் வீட்டு அலமாரியில் உறங்குவது கீழக்கரை முதல் தொண்டி வரை சர்வசாதாரணமான காட்சி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மகன் கடவுச்சொல்லை மறந்துவிட்டாலோ கைப்பேசி கடலில் விழுந்துவிட்டாலோ, கூகுள் அனுப்பும் சரிபார்ப்பு எண் அந்தப் பழைய எண்ணுக்குப் போகும். அதைப் படிக்க வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், வேறு யாரோ படிக்கவும் கூடும். கணவரின் சவூதி எண்ணைக் கொடுப்பதும் சரியான மாற்று அன்று. அவர் வேலைநேரத்தில் கைப்பேசியைப் பார்க்க இயலாதபோது சரிபார்ப்பு எண்ணின் ஆயுள் முடிந்துவிடும்.

ஆகவே முதற்பணியாக, மகனின் கைப்பேசியில் கூகுள் கணக்கு திறந்திருக்கும் இப்போதே அதன் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, மீட்பு எண்ணாக நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் எண்ணையும், மீட்பு மின்னஞ்சலாக உங்கள் முகவரியையும் சேர்த்துவிட்டுப் பழைய எண்ணை நீக்குங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றி, கடவுச்சொல்லுக்குப் பின் இன்னொரு சான்றும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். கடவுச்சொல்லில் விளையாட்டுப் பெயரின் எந்தத் துண்டும் இருக்கக் கூடாது. பெயருக்குப் பின்னால் 123 சேர்த்துக் கடவுச்சொல்லாக வைத்துக்கொள்ளும் பழக்கம் பள்ளிப் பிள்ளைகளிடம் அவ்வளவு பரவலாக இருக்கிறது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கியதும் எட்டு இலக்கங்கள் கொண்ட பத்து மாற்றுக் குறியெண்களைப் பெற்றுக்கொள்ள முடியும். ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே செல்லும். அவற்றைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். கைப்பேசியிலேயே படம் எடுத்து வைத்தால் கைப்பேசி தொலையும் நாளில் அவையும் சேர்ந்து தொலையும். விளையாட்டின் விவரப் பக்கத்தையும் அதிலுள்ள எண்ணையும் மட்டும் படம்பிடித்து உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்து வாங்கியவற்றுக்குக் கூகுள் அனுப்பிய ரசீதுகளை அழிக்காதீர்கள். கணக்கு கைமாறிவிட்டது என்று நிறுவனத்துக்கு எழுத நேர்ந்தால் உரிமையைக் காட்டும் ஆவணங்கள் இவைதாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேல்நிலை வகுப்பு முடியும்வரை விளையாட்டு வேண்டாம் என்று நீங்கள் பின்னாளில் முடிவெடுத்தால், அந்தக் கூகுள் கணக்கை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் விட்டுவிடாதீர்கள். 2 ஆண்டுகள் செயல்பாடின்றிக் கிடக்கும் கணக்கைக் கூகுள் நீக்கிவிடக்கூடும். மகனின் நண்பர்களில் எவரேனும் எந்தக் கணக்கோடும் இணைக்காமல் விருந்தினராக விளையாடினால் அவர்களின் நிலை இன்னும் மோசம். செயலியை நீக்கினாலோ கைப்பேசியை மாற்றினாலோ சேர்த்தவை திரும்பக் கிடைப்பது அரிது.

இனிப் பெயருக்கு வருவோம். டிஎன்65 என்பது ராமநாதபுரம் மாவட்டம் முழுவதும் ஓடும் வண்டிகளின் எண். அதைத் தனியே வைத்துக்கொண்டால் பெரிய தீங்கில்லை, பிள்ளைகளுக்கு அதில் ஒரு பெருமையும் இருக்கிறது. தீங்கு விளைவது சேர்க்கையில். சொந்தப் பெயர் ஒரு கூட்டத்தைக் காட்டுகிறது, பிறந்த ஆண்டு அந்தக் கூட்டத்தை ஒரு வகுப்பாகச் சுருக்குகிறது, மாவட்ட எண் அதை ஒரு கடற்கரையாகச் சுருக்குகிறது, வாப்பாவின் முதலெழுத்து மிச்சமுள்ளவர்களில் ஒருவரைச் சுட்டிவிடுகிறது. அதே பெயரை மகன் இன்ஸ்டாகிராமிலும் வைத்திருந்தால், பள்ளி ஆண்டுவிழாப் படம் ஒன்றிலிருந்து சீருடையைப் பார்த்துப் பள்ளியைச் சொல்ல எவருக்கும் தனித்திறமை தேவைப்படாது. அந்த ஆள் பள்ளியின் பெயரைச் சொன்னது பெரும்பாலும் இந்த வழியில்தான் இருக்கும். கணக்கை ஊடுருவியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

புதுப் பெயரில் சொந்தப் பெயர், ஆண்டு, ஊர், பள்ளி, கைப்பேசி எண்ணின் கடைசி இலக்கங்கள் ஆகியவற்றில் எதுவும் வேண்டாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சொற்களைச் சேர்ப்பது எளிய வழி; அப்படிச் சேர்த்த பெயரை வேறு எவரும் எடுத்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதால் பின்னால் எண்களை ஒட்ட வேண்டிய தேவையும் எழாது. நம் கரையில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை: காற்றில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் இருக்கின்றன, மீனில் சூடை, சீலா, திருக்கை, கணவாய் இருக்கின்றன. வாடைக்கணவாய் என்று ஒரு வீரன் களத்தில் இறங்கினால் எனக்குப் பிடிக்கும். உங்கள் மகனுக்குப் பிடிக்குமா என்பது வேறு.

ஆங்கில எழுத்தில் எழுதுவதாக இருந்தால் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். பெயரைத் தொலைபேசியில் ஓர் உறவினரிடம் ஒருமுறை சொல்லி, அவர் தட்டச்சிடுவது சரியாக வருகிறதா என்று கேளுங்கள். ழகரம் வரும் சொல்லை ஒருவர் இசட்-எச் இட்டும் மற்றவர் எல் இட்டும் எழுதுவார்கள்; நெடிலுக்கு ஒருவர் இரட்டை எழுத்து இடுவார், ஒருவர் இடமாட்டார். அத்தகைய பெயரைத் தேடி நண்பர் கண்டுபிடிக்கத் திணறுவார், அல்லது அதே ஒலியுடைய வேறொருவரைச் சேர்த்துக்கொள்வார். எழுத்துகளை வளைத்து நெளித்து அலங்கரித்துத் தரும் இணையக் கருவிகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. அவை உண்மையில் எழுத்துருவை மாற்றுவதில்லை. கணிதக் குறியீடுகளையும் வேற்று மொழி எழுத்துகளையும், சில சமயம் கண்ணுக்கே தெரியாத கொரிய வெற்றெழுத்தையும் எடுத்து அடுக்கித் தருகின்றன. சில கைப்பேசிகளில் அவை வெறும் கட்டங்களாகத் தெரியும். எவராலும் தட்டச்சிட முடியாது. இதற்கு மறுபக்கமும் உண்டு: ஆங்கிலச் சிறிய எல் இருக்கும் இடத்தில் பெரிய ஐ இட்டு, நண்பனின் பெயரைப் போலவே தோன்றும் பெயரில் வந்து ஓடிபி கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஐயம் எழுந்தால் பெயரைப் பார்க்காமல் விவரப் பக்கத்தில் உள்ள எண்ணை ஒப்பிட வேண்டும் என்று மகனுக்குச் சொல்லிவையுங்கள்.

குழுவின் பெயரை முன்னொட்டாகச் சேர்க்கும் வழக்கமும் இருக்கிறது. குழுவை விட்டு விலகும் நாளில் இன்னொரு ரீநேம் கார்டு தேவைப்படும் என்பதால், குழுவுக்கென விளையாட்டிலேயே இடம் இருந்தால் அதைப் பயன்படுத்துவதே சிக்கனம். அட்மின் என்றோ நிறுவனத்தின் பணியாளர் என்றோ தோன்றும் சொற்கள் தடைக்கு வழிவகுக்கும். சாதிப் பெயரையும் அதைக் குறிப்பால் உணர்த்தும் பட்டங்களையும் சில பிள்ளைகள் வீரம் என்று நினைத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் மாவட்டத்தில் அது விளையாட்டுத் திரையோடு நின்றுவிடும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

தமிழில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ் எழுத்தை ஏற்கும் விளையாட்டுகளும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. ஏற்றாலும் கணக்கிடும் முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாம்பன் என்ற சொல்லில் நாம் நான்கு எழுத்துகளை எண்ணுகிறோம். கணினியோ காலையும் இரண்டு புள்ளிகளையும் தனித்தனி உருக்களாகக் கொண்டு ஏழு என்று எண்ணுகிறது. ராமேஸ்வரம் நமக்கு ஆறு, அதற்குப் பத்து. பைட் என்ற கணினிச் சேமிப்பு அலகில் எல்லை வைக்கும் விளையாட்டாக இருந்தால், எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வோர் உருவும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் இடம் இன்னும் விரைவாகத் தீர்ந்துவிடும். ஆகவே வாடைக்கணவாய் தமிழில் நுழையாமல் போகலாம். சீலா என்பதற்குத் தடையிராது, ஆனால் அதை ஏற்கெனவே எவரேனும் எடுத்திருக்கலாம். தமிழ் விசைப்பலகை இல்லாத நண்பர்களால் பெயரைத் தேட முடியாது என்பது உண்மைதான். ஆனால் எண்ணைக் கொண்டு சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கும்போது அது பெரிய குறையன்று. விளையாட்டு ஏற்குமானால், குறுகிய சொல்லாகத் தேர்ந்து தமிழிலேயே வைக்கச் சொல்வேன். கார்டைச் செலவழிக்கும் முன் அதே சொல்லை வேறு மாதிரிக் கைப்பேசி ஒன்றுக்குச் செய்தியாக அனுப்பி, உடையாமல் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரை மாற்றியதோடு அந்த அறிமுகமில்லாத ஆள் விலகிவிடமாட்டார். அவர் நண்பர் பட்டியலில் இருந்தால் புதுப் பெயரும் அவருக்குத் தெரியும். மகனின் விளையாட்டு எண்ணை எழுதி வைத்திருந்தாலும் தேடிவிடலாம். முதலில் அவருடைய விவரப் பக்கத்தையும் எண்ணையும், எழுத்தில் பேசியிருந்தால் அதையும் படம்பிடித்து வையுங்கள். பிறகு நீக்கி, தடுத்து, விளையாட்டுக்குள்ளேயே புகார் கொடுங்கள். யூசி பெற என்று அவர் அனுப்பிய இணைப்பு எதையாவது மகன் திறந்து விவரம் கொடுத்திருந்தால், கடிந்துகொள்ளாமல் கேட்டறிந்து கூகுள் கடவுச்சொல்லை மறுபடி மாற்றுங்கள். அக்கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, அறியாத கருவிகளை வெளியேற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள். மிரட்டலோ, படம் கேட்பதோ, நேரில் சந்திக்க அழைப்பதோ இருந்தால் ராமநாதபுரத்தில் உள்ள சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பழைய பெயரோடு மகன் யூடியூபில் ஏற்றிய விளையாட்டுக் காணொளிகள் இருந்தால் அவற்றையும் மறைத்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் புதுப் பெயரை எழுத வேண்டாம்.

நாளை அவன் வேறு தளங்களுக்குப் போகும்போது விதிகள் மாறும். ரோப்லாக்ஸில் பயனர்பெயரை மாற்ற அத்தளத்தின் பணமான ரோபக்ஸில் 1,000 ஆகும்; திரைப்பெயரை இலவசமாக மாற்றலாம். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் 30 நாள்களுக்கு ஒருமுறைதான் மாற்றம். பிளேஸ்டேஷனில் முதல் மாற்றம் இலவசம், அடுத்தவற்றுக்குக் கட்டணம். ஸ்டீமில் திரைப்பெயரை எத்தனை முறையும் மாற்றலாம்; ஆனால் உள்நுழையும் கணக்குப் பெயர் என்றைக்கும் மாறாது. சதுரங்கம் ஆடினால் செஸ்.காம் ஒரே ஒருமுறை அனுமதிக்கும், லிசெஸ் எழுத்தின் பெரிய சிறிய வடிவத்தைத் திருத்த மட்டுமே விடும். பிற்காலத்தில் நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாத இவ்விரு சதுரங்கத் தளங்களிலும் அவன் கணக்குத் தொடங்கும் வேளையில் பக்கத்தில் அமர்ந்து, சொந்தப் பெயரும் ஆண்டும் அந்தக் கட்டத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.