நிமிடக் கணக்கும் ஒரு முத்தமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திரைப்படக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். ஒரு சீன ரவுடிக் கும்பலும் ஒரு கறுப்பினக் கும்பலும் வேண்டாவெறுப்பாகக் கூட்டாளிகளாகும் சண்டை நகைச்சுவைப் படத்துக்குத் திரைக்கதை எழுதியிருக்கிறேன். யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று எந்த இனத்தவருக்கு எத்தனை நிமிடம், எத்தனை வசனம் என அட்டவணை போட்டுச் சமன் செய்தேன். வில்லனை வெள்ளைக்காரராக்கிவிட்டேன். ஆனாலும் நண்பர்கள் உயிரில்லை என்கிறார்கள். ஜாக்கி சானும் கறுப்பின நடிகர் கிறிஸ் டக்கரும் போலீஸ்காரர்களாக வந்து சிரிக்கவைத்த 'ரஷ் ஹவர்' மாதிரி ஒரு படத்தை இன்று எடுக்க முடியுமா? பன்முகத்தன்மை நகைச்சுவைக்குப் பகையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அட்டவணையைப் பார்த்தபோது வந்த சிரிப்பு திரைக்கதையைப் படித்தபோது வரவில்லை. மளிகைக் கணக்கு எழுதுகிறவர்கூட இவ்வளவு பயந்து எழுதமாட்டார்.

'இன்று எடுக்க முடியுமா' என்பதைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். பகையா என்றால், இல்லை. அப்புறம், உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் 'ரோமியோ மஸ்ட் டை' படத்தைத்தான் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

2000இல் வந்த படம். அமெரிக்காவின் ஓக்லாந்தில் ஒரு சீனக் கும்பல், ஒரு கறுப்பினக் கும்பல். விளையாட்டு அரங்கம் வரப்போகும் துறைமுக நிலத்துக்காக அடிதடி. நாயகன் ஜெட் லீ, நாயகி ஆலியா. உங்கள் அட்டவணையை வைத்து அளந்தால் நூற்றுக்கு நூறு. தலைப்பிலேயே ரோமியோ இருக்கிறான். ஆனால் கடைசியில் அந்த ரோமியோ நாயகியைக் கட்டிப்பிடிக்கிறான், அவ்வளவுதான். முத்தக் காட்சியை எடுத்திருந்தார்கள். வெளியிடும் முன் சோதனைக்காகப் படத்தைப் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அதை வெட்டிவிட்டு அணைப்பை வைத்தார்கள் என்பது பிறகு வெளியே வந்தது. எனக்கு அது தெரியாத காலத்திலேயே, தியேட்டரில் பக்கத்து இருக்கைக்காரர் "இவ்வளவுதானா?" என்று கேட்டார். முன்பின் தெரியாத மனிதர். அந்தப் படத்துக்கு அதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை. ஆலியா அடுத்த ஆண்டே விமான விபத்தில் போய்விட்டார், 22 வயதில். இப்போது அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு சீனன் படம் முழுக்க ஆட்களை உதைக்கலாம், சுவர்மேல் ஏறலாம், பத்துப் பேரைத் தனியாகச் சமாளிக்கலாம். நிமிடங்கள் அவனுக்கு நிறையக் கிடைத்தன. ஆசைப்பட மட்டும் அனுமதியில்லை. நீங்கள் எண்ண வேண்டியது அந்த அனுமதியை. உங்கள் பாத்திரங்களில் யாருக்கு ஆசைப்பட அனுமதி? யாருக்கு முட்டாளாக இருக்க அனுமதி? பார்வையாளரைவிட அதிகம் தெரிந்தவனாக இருக்க யாருக்கு அனுமதி? உங்கள் சீனத் தலைவன் 14 நிமிடம் வருகிறான். அந்த நேரம் முழுக்கக் கண்ணியமாக, ஞானியாக, ஒரு அசட்டுத்தனமும் செய்யாமல் நிற்கிறான். பாவம், அவனை மரியாதையாலேயே கொன்றுவிட்டீர்கள்.

'ரஷ் ஹவரை' நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அதில் மட்டமான கேலிகள் உண்டு, அவற்றுக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் விமான நிலையக் காட்சியைப் பாருங்கள். ஜாக்கி சானுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்து கிறிஸ் டக்கர் கத்திக் கத்திப் பேசுகிறார். ஜாக்கி சிரித்துக்கொண்டே நிற்கிறார். பிறகுதான் தெரிகிறது, அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது, பேசுகிறவரைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். அங்கே மாட்டிக்கொண்டது டக்கர் மட்டுமா? அதுவரை அவரோடு சேர்ந்து சிரித்த நாமும்தான். அந்தக் காட்சியின் கடிவாளம் ஆரம்பத்திலிருந்தே சீனர் கையில் இருந்தது.

வெள்ளை வில்லனும் அங்கே உண்டு. குற்றக் கும்பலின் மர்மத் தலைவன் ஜுன்டாவ் என்ற பெயரைக் கேட்டு எல்லோரும் ஒரு சீன முகத்தைத் தேடுகிறார்கள். கடைசியில் அது ஹாங்காங் காவல்துறையில் முன்பு அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர். அது கதைக்குள் வைத்த பொறி. நீங்கள் வைத்திருப்பது இன்சூரன்ஸ்.

இன்னொன்று. யாரும் குறை சொல்லக் கூடாது என்கிறீர்களே, 'காட்ஃபாதர்' எடுக்கப் போனபோது இத்தாலியர்களை இழிவுபடுத்துகிறது என்று ஓர் உரிமை அமைப்பு எதிர்த்தது. திரைக்கதையிலிருந்து 'மாஃபியா' என்ற சொல்லை எடுக்கவும் வைத்தது. 1970இல் அந்த அமைப்பைத் தொடங்கியவர் ஜோசப் கொலம்போ, நியூயார்க்கின் ஐந்து மாஃபியாக் குடும்பங்களில் ஒன்றின் தலைவர்! இதைவிட நல்ல கேங்ஸ்டர் நகைச்சுவையை உங்களாலும் என்னாலும் எழுத முடியாது. இதைச் சொல்லி எல்லா எதிர்ப்பையும் தள்ளிவிடாதீர்கள். முத்தத்தை வெட்டியவர்களை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் எதிர்ப்புக்குப் பயந்து எழுதினால் கொலம்போவுக்கும் சேர்த்துத்தான் பயப்பட வேண்டியிருக்கும்.

உங்களுக்கு எழுத வருகிறது. இரண்டு அடியாட்களும் காரை எங்கே நிறுத்தினோம் என்று மறந்துவிட்டுச் சண்டை போடும் இடம் அருமை. அட்டவணையில் அது 'சமன் செய்யாத பகுதி' என்று சிவப்பில் இருக்கிறது. அந்த இருவரையும் முன்னால் கொண்டுவாருங்கள். தலைவனுக்கு ஒரு காதலோ ஒரு பொறாமையோ கொடுங்கள். திருத்தியதும் அனுப்புங்கள், அட்டவணை வேண்டாம்.